பிறர் வீட்டுச் சண்டை நமக்குப் பாடமாகலாமா?

நிக்காஹ் முடிக்கவிருக்கும் பிள்ளைகளுக்கு இல்லறத்தைப் பற்றி வகுப்பு நடத்தும் வழக்கம் நம்மிடையே மெல்ல மெல்ல வேரூன்றி வருகிறது. மலேசியாவில் முஸ்லிம்கள் திருமணத்துக்கு முன் இத்தகைய வகுப்பில் அமர்ந்து சான்றிதழ் பெற்றாக வேண்டும் என்பது நெடுநாளைய விதி. அங்கு வாழும் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளைகளும் அந்த வகுப்பில் உட்கார்ந்து எழுந்தவர்கள்தாம். நம் பக்கத்திலும் சில மஹல்லாக்களில் ஜமாஅத்தார் முன்னின்று ஒரு நாள், இரண்டு நாள் என்று நடத்துகிறார்கள். முன்பெல்லாம் ஆலிம் ஒருவர் பேசுவார். பிள்ளைகள் தலைகுனிந்து கேட்பார்கள். பாதிப் பேர் தூங்குவார்கள். இப்பொழுது பேச்சுக்கு நடுவில் ஒரு திரை விரிகிறது. கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளும் காட்சி மூன்று நிமிடம் ஓடுகிறது. ‘இவர்கள் எந்த இடத்தில் தவறினார்கள்? நீங்களாக இருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்?’ என்று கேள்வி வருகிறது. தூங்கியவர்களும் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

பயனுள்ள முறை என்பதில் ஐயமில்லை. ஆயினும் இதில் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. படம் எடுப்பது கூடுமா, கூடாதா என்ற வாதத்தை நான் சொல்லவில்லை. அது பற்றி ஆலிம்கள் நெடுங்காலமாகப் பேசி வருகிறார்கள்; அவரவர் தாம் நம்பும் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும். இங்கு நாம் எடுத்துக்கொள்வது வேறு. ஒரு வீட்டின் குறையைக் காட்டி இன்னொரு வீட்டைத் திருத்தப் பார்க்கிறோம். அந்தக் குறையைக் காட்டும் உரிமையை நமக்குத் தந்தவர் யார்?

முதலில், படத்தால் ஆகும் காரியம் சொல்லால் ஏன் ஆவதில்லை என்பதைப் பார்த்துவிடுவோம். ‘சரி, உங்க இஷ்டம்’ என்று மனைவி சொல்கிறாள். இதைத் தாளில் எழுதினால் அது சம்மதம். வீட்டில் அதே சொல் சம்மதமாகவும் இருக்கலாம், கோபமாகவும் இருக்கலாம், பேசிப் பேசி அலுத்துப்போன களைப்பாகவும் இருக்கலாம், ‘இன்னொரு தடவை கேளுங்களேன்’ என்ற ஏக்கமாகவும் இருக்கலாம். எது என்பதை முகம் சொல்லும், குரல் சொல்லும், அடுப்படியில் பாத்திரம் வைக்கப்படும் ஓசை சொல்லும். நம் ஆண்கள் பலர் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, ‘அவதான் சரின்னு சொன்னாளே’ என்று ஜமாஅத்தில் வந்து சாட்சி சொல்கிறார்கள். பொய் சொல்லவில்லை, பாவம், பாதியைத்தான் கேட்டிருக்கிறார்கள். கேளாமல் விட்ட அந்தப் பாதியைப் படம் காட்டுகிறது.

உலகெங்கும் பெற்றோர் வகுப்புகளில் காட்டப்படும் ஒரு படத்துண்டு உண்டு. அமெரிக்க உளவியல் அறிஞர் எட்வர்ட் டிரோனிக் என்பவரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் செய்து 1978-இல் வெளியிட்ட ஒரு சோதனையைக் காட்டுவது அது. ஒரு தாய் தன் கைக்குழந்தையின் எதிரில் அமர்ந்து கொஞ்சுகிறாள். குழந்தை கையை நீட்டி எதையோ காட்டுகிறது; தாயும் அந்தப் பக்கம் பார்க்கிறாள். பிறகு, சொல்லிவைத்தபடி, தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மீண்டும் குழந்தையை நோக்கும்போது எந்த உணர்ச்சியும் இல்லாத கல்முகமாக இருக்கிறாள். அடிக்கவில்லை, அதட்டவில்லை, எழுந்து போகவும் இல்லை. குழந்தை சிரித்துப் பார்க்கிறது. கையை நீட்டிக் காட்டிப் பார்க்கிறது. கிறீச்சிட்டுக் கத்துகிறது. ஒன்றும் பலிக்காமல் போகவே முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுகிறது. அவ்வளவுதான், தாய் உடனே பழையபடி சிரித்து அணைத்துக்கொள்கிறாள், குழந்தையும் தேறிவிடுகிறது. எல்லாம் சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். ஆனால் கைபேசியில் கண்ணைப் புதைத்துக்கொண்டு ‘ம்… ம்…’ என்று பிள்ளைக்குப் பதில் சொல்லும் தகப்பன் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டால், தன் முகம் பிள்ளைக்கு எப்படித் தெரிகிறது என்று ஒரு கணமாவது நினைப்பான். பத்துப் பயான் கேட்டும் இப்படி நினைக்காதவர்கள் இருக்கிறார்கள்.

முகத்தையும் தொனியையும் படிக்கும் இந்தக் கல்வி நமக்குப் புதிதன்று. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தம்மிடம் மகிழ்ச்சியோடு இருக்கும் நேரமும் வருத்தத்தோடு இருக்கும் நேரமும் தமக்குத் தெரியும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. எப்படித் தெரியும் என்று அன்னையார் கேட்டபோது, மகிழ்ச்சியில் இருந்தால் முஹம்மதின் இறைவன் மீது ஆணை என்பீர், வருத்தத்தில் இருந்தால் இப்ராஹீமின் இறைவன் மீது ஆணை என்பீர் என்று விளக்கினார்கள். இரண்டும் ஒரே இறைவனைக் கொண்டு செய்யும் சத்தியந்தான். பொருளில் ஒரு வேறுபாடும் இல்லை. ஒரு பெயர் மாறுகிறது. சமுதாயத்தின் சுமை முழுவதையும் தோளில் தாங்கிய ஒருவர் வீட்டுக்குள் அந்த ஒரு பெயரின் மாற்றத்தைக் கவனித்திருக்கிறார்கள். காட்சியாக நடத்திக் கற்பிப்பதும் நம்மிடம் உள்ளதே. ஜிப்ரீல் (அலை) அவர்கள் வெள்ளாடை உடுத்த மனிதராக வந்து, நாயகத்தின் முழங்காலோடு முழங்கால் சேர அமர்ந்து, கேள்வி கேட்டதும், பதிலைத் தாமே சரி என்றதும், சபையில் இருந்தவர்கள் வியந்து பார்த்ததும் நாம் அறிந்த ஹதீஸ்தான். அவர் போன பிறகு, உங்கள் மார்க்கத்தை உங்களுக்குக் கற்றுத்தர வந்தவர் அவர் என்று சொல்லப்பட்டது.

நிற்க. இனி மறுபக்கத்துக்கு வருவோம்.

1967-இல் பால் வாட்ஸ்லாவிக், ஜேனட் பீவின், டான் ஜாக்சன் என்ற மூவர் அமெரிக்காவில் ஒரு நூல் எழுதினார்கள். மனிதர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில் உள்ள சிக்கல்களை ஆராயும் நூல் அது. குடும்ப ஆலோசனை கற்பிக்கும் இடங்களில் இன்றும் பேசப்படுவது. அதில் ஒரு கருத்து நம் ஒவ்வொரு வீட்டுக்கும் பொருந்தும். கணவன் வாயைத் திறப்பதில்லை, மனைவி நச்சரிக்கிறாள். ஏனம்மா நச்சரிக்கிறாய் என்று கேட்டால், ‘அவர் பேசாமல் இருக்கிறார், அதனால்தான்’ என்கிறாள். ஏனப்பா பேசாமல் இருக்கிறாய் என்று கேட்டால், ‘அவள் நச்சரிக்கிறாள், அதனால்தான்’ என்கிறான். இருவரும் உண்மையே பேசுகிறார்கள். தான் தொடங்கவில்லை, பதில்தான் சொல்கிறேன் என்று இருவருமே நம்புகிறார்கள். வட்டமாக ஓடும் ஒன்றில் அவரவர் தமக்கு வசதியான இடத்தில் ஒரு கோடு போட்டு, ‘இங்கேதான் ஆரம்பம்’ என்கிறார்கள். சண்டை நடப்பது பெரும்பாலும் அந்தக் கோட்டைப் பற்றித்தான்.

இதைக் கற்பிக்கப் படத்துண்டைப் போலப் பொருத்தமான கருவி இல்லை என்று தோன்றும். ஆனால் சற்று யோசித்துப் பாருங்கள். படத்துண்டு என்பதே வெட்டியெடுத்த துண்டு. அது ஓரிடத்தில் தொடங்கியாக வேண்டும். கணவன் கதவை அறைந்துவிட்டு உள்ளே வருவதில் தொடங்கினால் அவன் குற்றவாளி. அதற்கு ஐந்து நிமிடம் முன்னால் மனைவி தொலைபேசியில் தன் தாயிடம் அவனைப் பற்றிச் சொன்னதில் தொடங்கினால் அவள் குற்றவாளி. அதற்கும் முந்தைய இரவில் தொடங்கினால் மறுபடியும் அவன். கத்தரிக்கோல் பிடித்தவர் எங்கே வெட்டினாரோ அங்கேதான் குற்றம் தொடங்குகிறது. கோடு போடும் வழக்கத்தைக் கண்டிக்க வந்த பாடமே ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டுதான் வந்து நிற்கிறது. யமன் நாட்டுக்கு நீதி வழங்க அனுப்பப்பட்ட அலீ (ரலி) அவர்களிடம், ஒருவர் சொல்வதைக் கேட்டுவிட்டு மற்றவர் சொல்வதைக் கேட்கும் வரை தீர்ப்புச் செய்ய வேண்டாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். மூன்று நிமிடப் படத்தில் அந்த மற்றவர் எங்கே இருக்கிறார்?

இது வெறும் ஊகமன்று. நடந்து பார்த்த விஷயம். 1971-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் சாண்டா பார்பரா என்ற ஊரில் லவுட் என்ற குடும்பத்தார் தங்கள் வீட்டுக்குள் படப்பிடிப்புக் குழுவை அனுமதித்தார்கள். தாய், தந்தை, ஐந்து பிள்ளைகள். ஏறத்தாழ ஏழு மாதம் படம் எடுத்தார்கள். 300 மணி நேரம் எடுத்த படம் 12 மணி நேரமாகச் சுருக்கப்பட்டு, 1973-இல் பொதுத் தொலைக்காட்சியில் 12 பகுதிகளாக ஒளிபரப்பானது. பெயர் ‘ஓர் அமெரிக்கக் குடும்பம்’. மனைவி கணவனிடம் விவாகரத்துக் கேட்கும் காட்சியையும் நாடே பார்த்தது. மானுடவியல் அறிஞர் மார்கரெட் மீட் இதை மிகவும் சிலாகித்தார். மனிதர்களைப் புரிந்துகொள்ளப் புதிய வழி பிறந்துவிட்டது என்பது அவர் எண்ணம். ஆனால் அந்தக் குடும்பத்தார் என்ன சொன்னார்கள்? எங்கள் வாழ்வின் நல்ல பகுதிகள் வெட்டப்பட்டுவிட்டன, இது நாங்கள் அல்ல என்றார்கள். 300-இல் 12 என்றால் நூற்றுக்கு நான்கு. மீதித் தொண்ணூற்றாறில் அவர்கள் சிரித்திருப்பார்கள், ஒருவருக்கொருவர் சோறு போட்டிருப்பார்கள், காய்ச்சலில் படுத்தவரின் நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள். அதைப் பார்க்க யார் உட்காரப் போகிறார்கள்?

இன்னும் ஒன்று உண்டு. அந்தக் குடும்பத்தின் மூத்த மகன் 2001-இல் இறந்துபோனார். பெற்றோர் மீண்டும் ஒரே வீட்டில் வாழ வேண்டும் என்பது அவருடைய ஆசை. அவர்களும் அப்படியே செய்தார்கள். தந்தை 2018-இலும் தாய் 2021-இலும் காலமானார்கள். சிதைந்த குடும்பத்துக்கு எடுத்துக்காட்டாக உலகம் ஆண்டுக்கணக்கில் காட்டிய வீட்டின் கதை, கேமரா மூடிய பிறகும் நடந்துகொண்டிருந்தது. நாம் சுட்டிக்காட்டி முடித்துவிடுகிறோம், அவர்கள் வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள்.

அவர்களாவது சம்மதித்தவர்கள். நம் கைபேசிகளில் நாள்தோறும் வந்து விழுகின்றனவே, அவற்றை என்னவென்பது? மாமியாரும் மருமகளும் முற்றத்தில் நின்று சத்தமிடுவதை அடுத்த வீட்டு மாடியிலிருந்து யாரோ எடுத்திருப்பார். தகப்பனை மகன் எதிர்த்துப் பேசுவதைத் தெருவில் போகிறவர் எடுத்திருப்பார். கீழே ஒரு வரி: ‘பெற்றோர்களே, உங்களுக்கு ஒரு படிப்பினை!’ வாட்ஸ்அப்பில் அதை அடுத்தவருக்கு அனுப்பிவிட்டு, நன்மையான காரியம் ஒன்றைச் செய்துவிட்டதாக நாம் தொழப் போகிறோம். புறம் என்றால் என்ன என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லித் தந்திருக்கிறார்கள்: உன் சகோதரன் வெறுப்பதைச் சொல்லி அவனைப் பற்றிப் பேசுவது. நான் சொல்வது அவனிடம் உண்மையாகவே இருந்தால்? உண்மையாக இருந்தால்தான் அது புறம், இல்லாவிட்டால் அவதூறு. ஆகவே ‘உள்ளதைத்தானே காட்டினோம்’ என்ற வாதம் இங்கே நிற்காது. உள்ளதைக் காட்டியதுதான் குற்றமே.

ஒருவர் நாயகத்தின் வீட்டுக்குள் துவாரத்தின் வழியே எட்டிப் பார்த்தார். அப்போது நாயகம் (ஸல்) அவர்கள் இரும்புச் சீப்பு ஒன்றால் தலை கோதிக்கொண்டிருந்தார்கள். நீர் பார்ப்பது தெரிந்திருந்தால் இதனாலேயே உம் கண்ணைக் குத்தியிருப்பேன் என்று கடிந்துகொண்டு, வீட்டுக்குள் வர அனுமதி கேட்க வேண்டும் என்று விதிக்கப்பட்டதே பார்வையின் காரணமாகத்தான் என்றார்கள். கால் உள்ளே வைப்பதைவிடக் கண் உள்ளே வருவதே பெரிது என்று இதிலிருந்து விளங்குகிறது. ஜன்னல் வழியே நீளும் கைபேசிக்கு இதைவிடத் தெளிவான சட்டம் வேண்டுமா? அந்நியர் மட்டும் அல்லர். சூரத்துந் நூரில், வீட்டிலேயே இருக்கும் சிறு பிள்ளைகளும் பஜ்ருக்கு முன்பு, நண்பகல் ஓய்வில், இஷாவுக்குப் பிறகு என மூன்று வேளைகளில் அனுமதி கேட்டே உள்ளே வர வேண்டும் என்று கட்டளை வந்திருக்கிறது. சொந்தப் பிள்ளைக்கே எல்லை உண்டு. அந்தப் பிள்ளையின் கையில் கேமராவைக் கொடுத்துவிட்டு, அது வாப்பாவும் உம்மாவும் சடைத்துக்கொள்வதைப் படமெடுத்து மாமா வீட்டுக்கு அனுப்பும்போது ‘எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளை’ என்று சிரிப்பவர்களும் இருக்கிறார்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழும், எழ வேண்டும். குறையை மறைப்பது, மறைப்பது என்று சொல்லித்தான் எத்தனையோ வீடுகளில் அடியும் உதையும் மூடப்பட்டு வருகிறது. ‘வீட்டு விஷயம் வெளியே போகலாமா?’ என்று ஒரு பெண்ணின் வாயை அடைக்க இந்த ஹதீஸ்களைப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. அவர்களுக்குச் சொல்கிறேன்: அபூ சுஃப்யானின் மனைவி ஹிந்த் (ரலி) அவர்கள் நாயகத்திடம் வந்து, தம் கணவர் கஞ்சர், எனக்கும் பிள்ளைகளுக்கும் போதிய அளவு தருவதில்லை என்று பெயர் சொல்லியே முறையிட்டார்கள். அதைப் புறம் என்று யாரும் தடுக்கவில்லை. அவர் பொருளிலிருந்து தேவைக்கு நியாயமாக எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். இமாம் நவவீ அவர்கள், பிறர் குறையைச் சொல்லலாம் என்ற ஆறு சந்தர்ப்பங்களை ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ நூலில் வகுத்திருக்கிறார்கள். அநீதிக்கு உள்ளானவர் அதிகாரம் உள்ளவரிடம் முறையிடுவது அவற்றுள் முதலாவது. கணவனோ மனைவியோ மற்றவருக்குத் தெரியாமல் பதிவு செய்த பேச்சை விவாகரத்து வழக்கில் சான்றாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2025 ஜூலையில் இந்திய உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. அடிபடுகிற பெண் அதைப் பதிவு செய்து காழியிடமோ ஜமாஅத் தலைவரிடமோ நீதிபதியிடமோ காட்டினால் அது முறையீடு. பார்க்கிறவர் கையில் பரிகாரம் இருக்கிறது. அதே பதிவை வகுப்பில் ஐம்பது பேர் பார்க்கும்போது, அந்த ஐம்பது பேரால் அவளுக்கு ஆகப்போவது என்ன? அவர்களுக்குத் தேவை பாடம். பாடத்துக்கு அவளுடைய முகம் தேவையில்லை.

அப்படியானால் நடித்துக் காட்டலாமே என்று கேட்கலாம். ஆம், அது நல்ல வழி. முன்னே சொன்ன மூவர் எழுதிய நூலிலும், கணவன் மனைவிக்கு இடையே சண்டை எப்படித் தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது என்பதை விளக்க, எட்வர்ட் ஆல்பீ 1962-இல் அரங்கேற்றிய ஒரு நாடகத்தைத்தான் ஓர் அதிகாரம் முழுவதும் அலசுகிறார்கள். தங்களிடம் வந்த குடும்பங்கள் எத்தனையோ இருக்க, உலகில் இல்லாத ஒரு தம்பதியை எடுத்துக்கொண்டார்கள். யாருடைய வீட்டுக் கதவும் அதற்காகத் திறக்கப்படவில்லை. பாடமும் குறையவில்லை. ஆனால் நம் ஊர்களில் நடிப்புக்கும் ஓர் ஆபத்து உண்டு. முந்நூறு வீடுள்ள ஒரு மஹல்லாவை நினைத்துக்கொள்ளுங்கள். இளைஞர்கள் சேர்ந்து ‘கோபக்கார மாமி’ என்று ஒரு காட்சி எடுக்கிறார்கள். பெயர் மாற்றியாகிவிட்டது. ஆனால் அந்த மாமி முந்தானையைச் செருகும் விதமும், ‘அடி ஆத்தி’ என்று இழுக்கும் இழுப்பும் ஒருவருடையவை. திரை ஓடும்போது சபை முழுவதும் திரையைப் பார்க்காமல் பெண்கள் பகுதியில் ஒரே மூலையைப் பார்க்கும். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஒருமுறை ஒருவரைப் போல் செய்து காட்டியபோது, எனக்கு எவ்வளவுதான் கொடுத்தாலும் ஒருவரைப் போல் செய்து காட்டுவதை விரும்பமாட்டேன் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை அபூ தாவூதில் காணலாம். பெயரை மாற்றுவது எளிது. சாயலை மாற்றுவதுதான் வேலை.

குறையைச் சொல்லியாகவும் வேண்டும், ஆளைக் காட்டாமலும் இருக்க வேண்டும் என்றால் அது எப்படி என்பதற்குத் திருமறையிலேயே ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. சூரா யூசுஃப் ஒரு குடும்பத்தின் கதை. தகப்பன் ஒரு பிள்ளையிடம் கூடுதல் அன்பு வைத்ததாக மற்றப் பிள்ளைகள் நினைத்தது, பொறாமை, பொய், பொய் இரத்தம் பூசிய சட்டை, நெடுங்காலப் பிரிவு, கடைசியில் மன்னிப்பு எல்லாம் அதில் உண்டு. குடும்பப் பேச்சு எப்படிக் கெடும், எப்படிச் சீராகும் என்பதற்கு இதைவிடச் சிறந்த காட்சித் தொகுப்பு இல்லை. ஆனால் குற்றம் செய்த அந்தச் சகோதரர்களில் ஒருவர் பெயர்கூட அதில் இல்லை. அஸீஸின் மனைவியின் பெயரும் இல்லை. கதை முடிவில் யூசுஃப் (அலை) அவர்கள் இறைவன் தமக்குச் செய்த அருளை நினைவுகூரும்போது, சிறையிலிருந்து வெளியேற்றியதைச் சொல்கிறார்கள். கிணற்றிலிருந்து மீட்டதைச் சொல்லவில்லை. சிறையைவிடக் கிணறு கொடியதன்றோ? ஆனால் கிணறு என்றால், அதில் தள்ளியவர்கள் எதிரே நிற்கிறார்களே! அவர்கள் முகம் வாடக் கூடாது என்பதற்காகவே அப்படிப் பேசினார்கள் என்று விரிவுரையாளர்கள் எழுதியிருக்கிறார்கள். தமக்கும் சகோதரர்களுக்கும் இடையே ஷைத்தான் பிளவை உண்டாக்கினான் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். நாயகம் (ஸல்) அவர்களும் ஒருவரிடம் குறை கண்டால் சபையில் பெயர் சொல்லாமல், சிலருக்கு என்ன நேர்ந்தது, இப்படிச் செய்கிறார்களே என்று பொதுவாகப் பேசுவது வழக்கம்.

குறையையே காட்டாத ஒரு முறையும் உலகில் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அது. நெதர்லாந்தில் 1980-களில் ஹாரி பீமன்ஸ் என்பவரும் அவரைச் சேர்ந்தவர்களும் வளர்த்த முறை. பிள்ளையோடு ஒத்துப்போக முடியாமல் தவிக்கும் பெற்றோரின் வீட்டுக்கு ஒருவர் வருகிறார். அவர்கள் சம்மதத்துடன் சில நிமிடம் படம் எடுக்கிறார். பிறகு அதில் நன்றாக அமைந்த கணங்களை மட்டும் தேடிப் பொறுக்குகிறார். பிள்ளை நிமிர்ந்து பார்த்தபோது தகப்பனும் தற்செயலாகப் பார்த்துச் சிரித்த இரண்டு நொடி. பிள்ளை பேசி முடிக்கும்வரை தாய் காத்திருந்த ஒரு தருணம். அதை அந்தப் பெற்றோருக்கே போட்டுக் காட்டுகிறார், வேறு யாருக்கும் அல்ல. ‘இங்கே நீங்கள் என்ன செய்தீர்கள்?’ என்று கேட்கிறார். தான் ஒன்றுக்கும் உதவாத தகப்பன் என்று நினைத்தவர், தானே சரியாகச் செய்ததைத் தன் கண்ணால் பார்க்கிறார். பிரிட்டனிலும் வேறு பல நாடுகளிலும் இன்று இம்முறை கையாளப்படுகிறது. கொடுமை நடக்கும் வீட்டுக்கு இது மருந்தாகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே முதல் வேலை அடிபடுகிறவரைக் காப்பதுதான்.

அமெரிக்காவில் சியாட்டில் நகரில் ஜான் காட்மன் என்ற அறிஞர் 1990-களில் வேறொரு வழியில் இதைப் பார்த்தார். புதிதாக மணமானவர்களை, அவர்கள் அறிந்து சம்மதித்தபடி, கேமரா பொருத்திய ஒரு வீட்டில் தங்கவைத்தார். காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரைதான் பதிவு. (இஷாவுக்குப் பிந்திய வேளையைப் பற்றி மேலே சொன்னதை வாசகர் நினைத்துக்கொள்ளலாம்.) அவர் கவனித்தது பெரிய சண்டைகளை மட்டும் அன்று. ‘அதோ, அந்தப் பறவையைப் பாருங்களேன்’ என்று ஒருவர் சொல்கிறார். மற்றவர் திரும்பிப் பார்க்கிறாரா, காதில் விழாதது போல் இருக்கிறாரா, ‘வேற வேலை இல்லையா’ என்று எரிந்துவிழுகிறாரா? இத்தகைய சின்னச் சின்ன அழைப்புகளை எண்ணினார். ஆறாண்டு கழித்துப் பார்த்தபோது, சேர்ந்து வாழ்ந்த தம்பதிகள் நூற்றுக்குச் சுமார் 86 தடவை திரும்பிப் பார்த்தவர்கள்; பிரிந்துபோனவர்கள் சுமார் 33 தடவை மட்டுமே. இதைச் சொல்லிக்கொடுக்க ஒருவருடைய மானத்தையும் வாங்க வேண்டியதில்லை. பறவையும் ஜன்னலும் இரண்டு நடிகர்களும் போதும்.

சம்மதம் என்றேன். அதுவும் நினைப்பதுபோல் எளிதன்று. ‘என் வீட்டில் எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை’ என்று வீட்டுக்காரர் சொல்லிவிடுகிறார். உள்ளே இருக்கும் மனைவியை யார் கேட்டது? கேட்டாலும், அவர் எதிரிலேயே கேட்டால் அவள் என்ன சொல்வாள்? ‘சரி, உங்க இஷ்டம்’ என்பாள். அந்தச் சொல்லுக்கு எத்தனை பொருள் என்று முன்பே பார்த்தோம். பெண் ஒருத்தி தனியாக, பெண்கள் மத்தியில் அவளிடம் கேட்க வேண்டும். பிள்ளையின் விஷயம் இன்னும் கடினம். ஐந்து வயதில் அடம்பிடித்து அழுத காட்சி இருபது வயதில் அவனுடைய கல்லூரித் தோழர்கள் கையில் இருக்கும். தகப்பனுக்குப் பிள்ளை மீது பொறுப்பு உண்டு. பிள்ளையின் மானத்தை முன்கூட்டியே எழுதிக்கொடுக்கும் உரிமை உண்டா என்பதை மார்க்கம் கற்றவர்கள் விரிவாகச் சொல்ல வேண்டும். என் சிற்றறிவுக்கு எட்டிய வரையில் அது அமானிதம். பெரியவனாகி அவன் கேட்கும்போது திருப்பிக் கொடுக்க முடியாத ஒன்றை நாம் யாருக்கும் கொடுக்கக் கூடாது.

வகுப்பு நடத்தும் ஜமாஅத்தார் சிலர், ‘அப்படியென்றால் எதைத்தான் காட்டுவது?’ என்று கேட்கக்கூடும். நடிப்பவர்கள் வெளியூராக இருக்கட்டும். காட்சி சிறியதாக இருக்கட்டும். ‘யார் மீது தப்பு?’ என்ற கேள்வியை மட்டும் கேட்காதீர்கள். அதைக் கேட்ட உடனே ஆண்கள் ஒரு கட்சி, பெண்கள் ஒரு கட்சி ஆகிவிடுவார்கள். வீட்டில் நடப்பதுதான் அங்கேயும் நடக்கும். கணவன் வேலை முடிந்து வருகிறான், மனைவி ‘இன்னைக்கும் மறந்துட்டீங்களா?’ என்று கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கேள்வியோடு படத்தை நிறுத்திவிடலாம். ஆளுக்கொரு தாள் கொடுத்து, அவன் சொல்ல வேண்டிய பதிலையும், அவள் உண்மையில் கேட்டது என்ன என்பதையும் எழுதச் சொல்லலாம். பெயர் எழுத வேண்டாம். தாள்களை ஆலிம் வாங்கி உரக்கப் படிக்கட்டும். ஆண்கள் பக்கத்திலிருந்து வந்தவையும் பெண்கள் பக்கத்திலிருந்து வந்தவையும் ஒரே கேள்வியை எத்தனை விதமாகக் கேட்டிருக்கின்றன என்பது அப்போது தெரியும். அன்றைக்கு வேறு படம் தேவைப்படாது.